நூற்றுப்பத்து

எனக்கு ஏணி ஏறுவது ஆகாது. பாதியிலேயே கால் வெடவெடக்கும். புகைபோக்கி மீட்டரைப் பார்த்துக்கொள்கிறவன் இப்படியா என்று அனல்மின் நிலையத்தில் எல்லோரும் ஓட்டுவார்கள். நல்லவேளை, மீட்டர் கீழே ஒரு சின்ன அறையில் இருக்கிறது. புகையைக் குழாய் வழியாக இழுத்து, கந்தக வாயு எவ்வளவு என்று அளக்கும். அந்த எண் எங்கள் வாசல் பலகையிலும் உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் ஒன்றாகத் தெரியும். இருநூறைத் தாண்டினால் உலையை நிறுத்த வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி, மேடம். நல்ல விதிதான்.

மீட்டரைச் சரிபார்க்க ஒரு சிலிண்டர் உண்டு. அதிலுள்ள வாயுவின் அளவு முன்பே தெரியும்: நூற்றுப்பத்து. வால்வைத் திருப்பினால் மீட்டர் புகையை விட்டுவிட்டுச் சிலிண்டரை முகரும். ஐந்து நிமிட வேலை.

ஐந்து மாதத்துக்கு முன் புகையைக் கழுவும் இயந்திரம் பழுதானது. எண் ஏறிக்கொண்டே போய் நூற்றெண்பதைத் தொட்டது. நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். ஒருநாள்தானே என்று வால்வைத் திருப்பி வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உலை நின்றால் தற்காலிக ஆட்களைத்தான் முதலில் அனுப்புவார்கள், என் தங்கை புருஷன் அதில் ஒருவர்.

மறுநாள் சரியாகவில்லை. உதிரிபாகம் வரவில்லை. இனி வால்வை மாற்றினால் எண் ஒரே தாவலில் நானூறுக்குப் போகும், நேற்று என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அதனால் தொடவில்லை. சிலிண்டர் தீரத் தீர மாற்றிக்கொண்டு வந்தேன்.

தங்கை பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறாள். அவள் மகளுக்கு ஏழு வயது, இளைப்பு உண்டு. காற்று கெட்டிருந்தால் வெளியே விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் காலையில் எனக்குப் போன் வரும்.

"அண்ணா, இன்னைக்குப் பாப்பாவ வெளிய விடலாமா?"

"போர்டுல நூத்திப்பத்துதாம்மா. விடு, விளையாடட்டும்."

நான் பொய் சொல்லவில்லை. பலகையில் அதுதான் இருந்தது. மூன்றாம் மாதம், அப்படி ஒரு காலையில் பாப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுத் தெருவில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் சிலிண்டர் தீர்ந்துபோகும் என்று தெரியும். போய் மாற்றினேன். மீட்டரின் பம்ப் இழுத்து இழுத்து மூச்சுவிடும். அதுவரை நான் கவனித்ததில்லை. இப்போது சாப்பிடும்போதும் கேட்கிறது. காதைப் பொத்தினால் இன்னும் பக்கத்தில் வருகிறது. பயமாக இருக்கிறது, மேடம்.

நீங்கள் கெட்டிக்காரர். உலை பாதி அளவில் ஓடிய நாளிலும் எண் அசையவில்லையே என்று உங்களுக்குத்தான் தோன்றியது. குழந்தையைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன வாரமும் தங்கை கேட்டாள்:

"காத்து நல்லாத்தானே இருந்துச்சு? நான்தான் மருந்து குடுக்க லேட் பண்ணிட்டேன்ல அண்ணா?"

அழாதே என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு இதைக் காட்டாதீர்கள். தன் தப்பு என்றால் எப்படியாவது தாங்கிக்கொள்வாள். அண்ணன் செய்தான் என்றால் உடைந்துபோவாள், அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.