தமுக்குக்குப் பின்னால நடந்த அம்பலாரு

அது ரொம்ப முந்தியப்பா, ரோடே வராத காலம். செங்காட்டு நாடுன்னா ஏழு ஊரு. ஏழுக்கும் ஒரே தலைவரு, பெரியணன் அம்பலம். அவரு தும்முனாக்கூட உத்தரவுதான். அந்த உத்தரவ ஏழு ஊருக்கும் கொண்டுபோயி தமுக்கடிச்சுச் சொல்றவரு எங்க பூட்டன் மாயழகரு.

நடப்பாரு, நடப்பாரு, நடந்துக்கிட்டே இருப்பாரு. காலையில "கம்மாய்க்குள்ள ஆடு மேயக் கூடாது"ன்னு சொல்லிட்டு வருவாரு. சாயங்காலம் அம்பலாரு மச்சினன் ஆடு வாங்கிருப்பான், "மேயலாம்"னு மறுபடியும் ஏழு ஊரு. சனங்க அம்பலாரத் திட்ட முடியுமா? பூட்டனத்தான் திட்டுவாகளாம். மண்ணள்ளித் தூத்துவாகளாம். காலு ரெண்டும் வீங்கி, மனசும் அலுத்துப்போச்சு மனுசனுக்கு.

அந்த வருசம் அம்பலாரு மாடி வீடு கட்ட நெனச்சாரு. வந்துச்சு உத்தரவு. வீட்டுக்கு ஒரு ஆளு பதினஞ்சு நாளு மண்ணு சொமக்கணும், கூலி கெடையாது, வராத வீட்டுக்குத் தண்ணி கெடையாது. வயலப் பாத்தா கதிரு முத்தித் தல சாஞ்சு நிக்கிது. பதினஞ்சு நாளு விட்டா அம்புட்டும் உதுந்துபோகும். அப்புறம் வருசம் பூரா ஏழு ஊரும் எதத் திங்கிறது?

பூட்டன் பொண்டாட்டி ஆண்டிச்சி சொன்னாளாம், "இதச் சொல்லிட்டு வந்தா ஒனக்குக் கஞ்சி ஊத்த மாட்டேன்யா. ஊத்தக் கஞ்சியும் இருக்காது."

பூட்டன் போயி அம்பலாரு முன்னால நின்னு, தொண்டையத் தொட்டுக் காட்டிக் கைய விரிச்சாரு.

"என்னடா, தொண்ட கட்டிருச்சா?"

தலைய ஆட்டுனாரு. தமுக்கத் தட்டிக் காட்டுனாரு. நான் அடிக்கிறேன், நீங்க சொல்லுங்கன்னு சாடை.

அம்பலாரு சிரிச்சாராம். "நல்லதாப் போச்சு. என் வாயால கேட்டா இன்னும் பயப்படுவானுக. நடடா!"

நடந்தாக. முத ஊருல அம்பலாரு கணீர்னு சொன்னாரு, பதினஞ்சு நாளுன்னு. அறுப்புக்குக் கெளம்புன சனங்க அரிவாளும் கையுமா நின்னு அவரையே பாத்துச்சுக. ரெண்டாவது ஊருல ஒரு கெழவி, "எங்க வீட்டு ஒத்த ஆம்பளையும் காச்சல்ல கெடக்கானய்யா, நான் வந்து சொமக்கவா?"ன்னு கேட்டா. மூணாவது ஊருல பத்து நாளுன்னாரு. நாலாவதுல அஞ்சு. அஞ்சாவதுல "அறுப்பு முடிச்சிட்டு வாங்க". ஆறாவதுல "முடிஞ்சவுக வாங்க". ஏழாவது ஊருல தமுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு, அம்பலாரு வாயி தெறக்கல. ஊரு மந்தையில கெடந்த கல்லுல உக்காந்துட்டாரு. மனசு எளகுச்சோ, காலு வலிச்சுச்சோ, யாரு கண்டா?

கதிரு வீடு வந்து சேந்துச்சு. ஆனா பூட்டனுக்குத் தொண்ட சரியாப் போச்சுன்னா அடுத்த உத்தரவ அவரு கையிலதான குடுப்பாக? அதனால மறுநாளும் பேசல. இருவது வருசம் பேசலையாம். மக கலியாணத்துலயும் பேசல. ஆண்டிச்சி செத்தப்ப வாயில துண்டத் திணிச்சுக்கிட்டு அழுதாராம். பக்கத்துல நின்ன மகளுக்கு அப்பத்தான் வெளங்குச்சு, அப்பனுக்குக் குரலு போகவே இல்லன்னு. அவ சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

அதுலருந்து இந்த நாட்டு வழக்கம் இதுதான். உத்தரவு போடுறவரு அம்பலாரோ, ஓட்டு வாங்கி வந்த தலைவரோ, தமுக்குக்குப் பின்னால செருப்பில்லாம நடந்து ஏழு ஊருலயும் அவரு வாயாலயே சொல்லணும். ஏழாவது ஊரு வரைக்கும் நின்னாத்தான் அது உத்தரவு. தமுக்கடிக்கிறவன் மட்டும் பேசக் கூடாது. ஏன்னு கேக்குறீக. அவன் பேச வேண்டியதையெல்லாம் எங்க பூட்டன் முழுங்கிட்டுப் போயிட்டாருப்பா.