அட்டையில்லாத மாத்திரை

– நான் எதையும் குடுக்கலை கண்ணு. ஆரு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.

– அப்ப உங்க டிராயர்தான் குடுத்துச்சா, மயிலாக்கா? அஞ்சு மாசமா தெனமும் ரெண்டு. காலைல ஒண்ணு, டீ டைம் முடிஞ்சி ஒண்ணு. உங்க கையாலதான வாங்கி முழுங்குனேன்.

– மெதுவாப் பேசு ரோஸ்மேரி. அக்கட்டால சாப்புட்டுட்டு இருக்கறாங்க.

– கேக்கட்டும்.

– கேட்டா சூப்பர்வைசர் நான் மட்டும் வேலைய விட்டுப் போக மாட்டேன், டெய்லரு நீயும் சேந்துதான் போவே. இந்தா, ஸ்டூல்ல உக்காரு. ஏழு மாச வயித்த வெச்சுட்டு நின்னுட்டே கத்தறே. ஃபேனுக்கு நேரா நின்னும் எப்படி வேர்க்குது பாரு.

– உக்கார வேண்டாம். எனக்கு அந்த மாத்திரயோட பேரு வேணும்.

– வலி மாத்திரைன்னு குடுத்தாங்க, வலி மாத்திரைன்னு குடுத்தேன். அவ்வளவுதான் தெரியும்.

– அட்டையே இல்லாம உதிரியா, பட்டன் கவருல போட்டு வச்சிருந்தியளே. எந்த ஊர்லக்கா மாத்திரயப் பட்டன் மாதிரி அள்ளிக் குடுப்பாவ?

– கம்பெனியச் சோதிக்க ஆடிட்டுக்கு வர்றவங்க அட்டையப் பாத்தா பேரப் படிச்சுப்போடுவாங்கன்னு மேனேஜர் தனபால்தான் சொன்னாரு. காலைல ஊட்டுல உக்காந்து பிரிச்சுப் பிரிச்சுக் கவருல போடறது என்ற வேல. இந்த வாரம் ஆடிட்டுன்னதும் கவரையே வாங்கிட்டுப் போயிட்டாரு.

– அதான் மூணு நாளா டிராயர் காலி.

– உனக்கு நல்லதுதான கண்ணு செஞ்சேன்? இடுப்பு ஒடியுதுக்கா, மிஷின்ல உக்கார முடியலைன்னு அழுதது ஆரு? லீவு போடுன்னு சொன்னனா இல்லையா?

– சொன்னிய. லீவு போட்டா மிஷினு இந்திக்காரப் பிள்ளைக்குப் போயிரும்னு அதே மூச்சுல சொன்னிய.

– அது நெசந்தானே.

– நெசந்தான். புதன்கெழம ஸ்கேன் எடுத்தாவ. ஏழு மாசப் பிள்ள, ஆறு மாசத்து எடகூட இல்லியாம். நஞ்சுக்கொடி சரியா வளரல, அது வழியாப் போற ரத்தம் பத்தலன்னு டாக்டரம்மா சொல்லுதாவ.

– ரத்தந்தான? பேரீச்சம்பழம் நெம்ப நல்லது கண்ணு, நான் வாங்கி...

– பேரீச்சம்பழமா! வலி மாத்திர ஏதும் போடுதியான்னு அவிய கேட்டாவக்கா. அபின் மாதிரி வேல செய்யுற வகைன்னு ஒண்ணு இருக்காம். தாய் முழுங்குனா நஞ்சுக்கொடியத் தாண்டிப் பிள்ளைக்கும் போகுமாம். பிள்ளைக்கும் அது பழகிருமாம். பெறந்து கொடிய அறுத்தா அன்னைக்கோட அது கெடைக்காதுல்லா? கையும் காலும் நடுங்குமாம். கீச்சுக் கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்குமாம். பால் குடிக்கக்கூடத் தெரியாதாம்.

– சாமி சத்தியமா எனக்கு இது தெரியாது. எனக்கே தலைவலின்னா அதுல ஒண்ணு போட்டுக்குவேன்.

– உங்க வயித்துல யாரும் இல்லியே.

– செரி, இன்னியோட விட்டுரு. தொடாத. கெட்டது ஒழிஞ்சுதுன்னு விட்டுரு.

– படக்குன்னு விட்டாலும் பிள்ளைக்கு ஆபத்தாம். போட்டுக்கிட்டிருந்தா ஒளிக்காமச் சொல்லு, மாத்து மருந்து குடுத்து நாங்க பாத்துக்கிடுதோம்னாவ.

– உன்ற ஊட்டுக்காரத் தம்பி ஆரோக்கியராஜ் என்ன சொல்லுது?

– அவருகிட்ட ஸ்கேன் நல்லா இருக்குன்னுட்டேன்.

– ஏங்கண்ணு, உன்ற கை ஏன் இப்படி ஆடுது?

– மூணு நாளா ஒறங்கல. உள்ள இருக்கதும் ஒறங்கல. உதைக்கி, உதைக்கி, விடாம உதைக்கி. பேரச் சொல்லுங்கக்கா.

– பேரு வெளிய போச்சுன்னா என்ற பேரும் சேந்துல்ல போகும்? டெய்லருக்குக் கைமடியாச் சேந்து, துணி மடிச்சுக் குடுத்து, இந்த லைனுக்குச் சூப்பர்வைசர் ஆகப் பத்தொம்பது வருசம் ஆச்சு எனக்கு.

– எம்பிள்ள ஒரு கிலோகூட இல்லக்கா.

– இப்படிப் பேசாத.

– வேற எப்படிப் பேச?

– இரு. அழுகாத, இரு. பிரிச்ச அட்டையெல்லாம் எரிச்சுப்போடச் சொன்னாரு. ஒண்ணே ஒண்ணு என்ற பையில கெடக்குது. எரிக்க மனசு வரல, ஏன்னு தெரியல. இந்தா.

– எல்லாம் காலியால்லா இருக்கு.

– பின்னால பேரு இருக்குதில்ல? அது போதாதா? நட, ரெண்டரை பஸ்ஸப் புடிச்சிரலாம். நானும் வர்றேன். மாத்திரை குடுத்தது நாந்தான்னு டாக்டரம்மாகிட்ட என்ற வாயாலயே சொல்றேன். பத்தொம்பது வருசம் போனாப் போவுது.

– நீங்க வர வேண்டாம்க்கா. ஒரு மாத்திரயும் போடலன்னு அவியள்ட்ட அன்னைக்கே சொல்லிட்டு வந்துட்டேன். டாக்டர் சீட்டு இல்லாம இந்த மாத்திரயக் கடையில தருவாவளா, அத மட்டும் சொல்லுங்க.