பீமாராவ் வாங்கிக் கட்டிய ஆடு

துக்கத்தில் கூடியிருக்கும் செஞ்சி மக்களே, தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அமலோற்பவம் அம்மையார் அவர்களே, கையில் பரிசுக் கோப்பையோடு வந்திருக்கும் நண்பர் வளவன் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பீமாராவின் துணைவியார் சகோதரி சாமுண்டீஸ்வரி அவர்களே, கணக்கு வாத்தியார் சேசுராஜின் வணக்கம்.

நான் களைத்துப்போயிருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தில், இதே மைக்கைப் பிடித்து, நண்பர்களை வழியனுப்பி வழியனுப்பி நாக்கு வறண்டுவிட்டது. எனக்கான இரங்கல் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் பீமாராவ் பேசுவார் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைவிட இளையவர். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அவருக்கு நான் பேச வேண்டிவரும் என்று யார் நினைத்தார்கள்?

பீமாராவ் யார்? பச்சைமுத்துவின் பேரன். பச்சைமுத்து யார் என்று இளைஞர்கள் கேட்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, வடக்கே ஒரு பெரிய நகரத்தில் அகில இந்திய அமெச்சூர் தடகளப் போட்டி நடந்தது. ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டிலிருந்து, யாரோ ஒரு நல்லவர் எடுத்துக்கொடுத்த ரயில் டிக்கெட்டில் அங்கே போனவர் பச்சைமுத்து. ஒரு மைல் ஓட்டம். வெறுங்கால். தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தார். மறுநாள் இறுதிச் சுற்று. அன்று சாயங்காலம் அதிகாரிகள் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இதற்கு முன்னால் பரிசுக்காக ஓடியிருக்கிறாயா?

மனுஷன் என்ன சொல்வார்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஓடிக்கிறேங்க. மண்டகப்பட்டு திருவிழாவுல ஆடு ஜெயிச்சேன்" என்றார்.

தன் திறமைக்குச் சாட்சி கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அமெச்சூர் என்றால் எதுவும் வாங்காமல் ஓடுகிறவனாம். ஆடு வாங்கியவன் கூலிக்கு ஓடியவன் என்று சொல்லி, அவர் பெயரை அடித்துவிட்டார்கள். சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள் எழுதிய சட்டம் அது. அந்த ஆட்டையோ ஊரே கூடித் தின்று தீர்த்து வருஷமாகியிருந்தது. "ஒரு ஆட்டுக்காடா தொரத்தி வுட்டாங்க?" என்று கேட்டவர்களுக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஓடவும் இல்லை.

பதில் சொன்னவர் பேரன். அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக் கோட்டை அடிவாரம் வரை வருஷம் தவறாமல் ஓட்டப்பந்தயம் நடத்தினார். பரிசு என்ன? ஆடு. உயிருள்ள ஆடு. எத்தனை பேர் சிரித்தோம்? நானே சொன்னேன்: "ஒரு மெடலக் குடுத்துட்டுப் போலாமே பீமா, ஆட்டப் புடிச்சிக்கினு அலையணுமா?"

"மெடல யாரு வேணா குடுப்பாங்க சார். எங்க தாத்தா தப்பு பண்ணலன்னு சொல்றதுக்கு ஆடுதான் வேணும்" என்றார்.

தொண்டூர் அனு ஜெயித்த வருஷம் நினைவிருக்கிறதா? ஆண்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு வந்தாள். பெண் பிள்ளைக்கு எதற்கு ஆடு, ஒரு குடம் கொடுக்கலாமே என்று சிலர் இழுத்தார்கள். "கயித்த யாரு புடிச்சிருக்காங்கன்னு ஆடு பாக்கவா போவுது?" என்று சொல்லி அவள் கையில் கயிற்றைக் கொடுத்தார் பீமாராவ். டவுன் பஸ்ஸில் ஆட்டுக்கு லக்கேஜ் போட்ட கண்டக்டரிடம் சண்டைக்குப் போனதும் அவர்தான். அந்த ஆட்டை விற்றுத்தான் அனு ஷூ வாங்கினாள். இன்று ரயில்வேயில் வேலை. அதோ, தூணோரம் நிற்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓடுவதற்குக் கோட்டில் வந்து நிற்பவர்களை, நீ எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, இதுவரை எங்கே ஓடினாய், என்ன வாங்கினாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரையும் கேட்க விட்டதுமில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "சாப்டியா?" இல்லை என்று தலையாட்டினால் வாழைப்பழம் கைக்கு வரும்.

போன வெள்ளிக்கிழமை சந்தையில் இந்த வருஷத்து ஆட்டை வாங்கி, வண்டியில் முன்னால் நிற்கவைத்து ஓட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆடு இன்னும் அவர் வீட்டு வாசலில் கட்டியிருக்கிறது. அவர் படத்துக்கு நாம் போட்ட மாலையை நேற்று அது எட்டிப் பிடித்துத் தின்றுவிட்டது. சாமுண்டீஸ்வரி அதை விரட்டவில்லை. என்னைப் பார்த்து, "இந்த ஆட்ட இன்னாண்ணா பண்றது?" என்று கேட்டார். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

நண்பர் வளவன் நல்ல மனசுக்காரர். இனிமேல் தம் கடைப் பெயரில் கோப்பை கொடுப்பதாகச் சொல்கிறார். ஆடு நாகரிகமாக இல்லை என்கிறார். தம்பி, உங்கள் கோப்பையை இரண்டாம் பரிசாக வைத்துக்கொள்வோம். முதல் பரிசு ஆடுதான். அதை மாற்றினால், அன்றைக்குப் பச்சைமுத்துவைத் துரத்தி அனுப்பியவர்கள் சொன்னது சரி என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும். பீமாராவ் இல்லாத முதல் வருஷத்திலேயே அதைச் செய்யலாமா?

கமிட்டி போடுவோம், பந்தயத்தை மாநில அளவில் வளர்ப்போம் என்றெல்லாம் உறுதி சொல்ல எனக்குத் தெம்பில்லை. அப்படிச் சொன்னவர்களை நிறையப் பார்த்துவிட்டோம். முட்டி போய்விட்டது, ஆட்டை இழுத்துப் பிடிக்கக்கூட என்னால் ஆகாது. என்னால் ஆனதைச் சொல்கிறேன். அடுத்த மாதம், அவர் குறித்துவைத்த அதே நாளில், விடியும்போது அனந்தபுரத்தில் ஓட்டம் தொடங்கும் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அடிவாரத்தில் சாமுண்டீஸ்வரி ஆட்டோடு நிற்பார். கேட்டேன், சம்மதித்துவிட்டார்.

ஓட நினைப்பவர்கள் வாருங்கள். வேறெதையும் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். சாப்டியா என்று மட்டும் நான் கேட்பேன். இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். வாழைப்பழம் வாங்கி வைத்திருப்பேன்.