ஏழாம் கட்டில்

மரவள்ளிக்கிழங்கு எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் அதையே தின்ற பலர் இப்போது அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் அப்படியில்லை. கிடைத்ததை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிற சுபாவம் எனக்கு. விசாரணைக்காக அலோர் ஸ்டாரிலிருந்து வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நான் கோபக்காரன் இல்லை.

என் பெயர் பரஞ்சோதி. சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வருஷம் டிரஸ்ஸராக இருந்தேன். தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்குவது எல்லாம் நான்தான். மாதம் ஒருமுறை பெரிய டாக்டர் வருவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

நாற்பத்தொன்று டிசம்பரில் வெள்ளைக்காரன் பட்டாளம் தெற்கே ஓடியது. பக்கத்தில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியும் காலியானது. லாரியில் ஏற்ற முடியாத காயக்காரர்கள் ஏழு பேர் மிஞ்சினார்கள். அவர்களை விட்டுப் போக மனமில்லாமல் இரண்டு பேர் தாங்களாகவே தங்கிவிட்டார்கள். ஒருவர் டாக்டர் நடராஜா. மதராஸில் நல்ல வேலையில் இருந்தவர், சண்டையில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தானாகப் பெயர் கொடுத்துக் கப்பலேறியவர். மற்றவர் நர்ஸ் புஷ்பவள்ளி. மதுரைப் பெண், அவரும் அப்படி வந்தவர்தான். ஏழு பேரையும் மாட்டுவண்டியில் ஏற்றி என் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆறு பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். ஏழாவது ஆளும் ஒரு பஞ்சாபிச் சிப்பாய், பெட்ரோல் தீயில் உடம்பு வெந்துவிட்டது, பேச்சு வராது என்றார் டாக்டர். தலை முதல் கால்வரை கட்டுத்துணி. அந்தக் கட்டிலைச் சுற்றி மட்டும் திரை. கட்டை மாற்றுவது டாக்டரும் நர்ஸும்தான்.

ஜப்பான்காரர்கள் வந்து பார்த்தார்கள். வெள்ளைக்காரன் யாரையாவது ஒளித்து வைத்தால் தலை போகும் என்று மொழிபெயர்ப்பாளனைவிட்டுச் சொன்னார்கள். நம் சிப்பாய்களை அப்படியே இருக்க விட்டார்கள்.

டாக்டர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதுவரை எந்த டாக்டரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. இவர் பக்கத்தில் உட்காரவைத்துத் தையல் போடக் கற்றுக்கொடுத்தார், மருந்து அலமாரிச் சாவியை என்னிடமே விட்டுவைத்தார். என் இளைய மகள் மலேரியாவில் கிடந்தபோது, மிச்சமிருந்த கொய்னா மாத்திரைகளை அவளுக்கே கொடுத்தார். இந்த மனுஷனுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஒரு மத்தியானம். கிழங்கு வாங்கப் போனவன் சீக்கிரமே திரும்பிவிட்டேன். திரைக்குப் பின்னால் ஆஸ்பத்திரிச் சமையல்காரன் பிச்சை ஏழாம் கட்டில் ஆளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"மெதுவா குடிங்க தொரே. சூடு லா."

அந்த ஆள் பதிலுக்கு நன்றி சொன்னான். ஆங்கிலத்தில். அது வெள்ளைக்காரன் நாக்கு. பதினான்கு வருஷம் தோட்டத்துரைகளிடம் ஏச்சு வாங்கியவனுக்கு அது தெரியாதா?

நான் சத்தமில்லாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரன் இருந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாவம், யாரோ பெற்ற பிள்ளை. ஆனால் பிச்சைக்குத் தெரிந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பிச்சைக்கு. நான் வேலை வாங்கிக் கொடுத்த பிச்சைக்கு. எனக்குச் சொல்லவில்லை.

ஆத்திரப்பட்டு எதையும் செய்துவிடவில்லை. அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். மறுநாள் டாக்டரிடம் கேட்டேன்.

"ஏழாம் கட்டில் எப்படி இருக்கு சார்? நான் வேணா ஒரு நாளைக்குக் கட்டு மாத்தவா?"

"ஆறிக்கிட்டு வருது அண்ணே. அது என் பாடு, நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். இரண்டு நாள் பொறுத்து நர்ஸிடம் கேட்டேன். அந்தப் பெண் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தது.

"வேணாம் அண்ணே, கேக்காதீங்க. உங்களுக்கு மூணு புள்ளைங்க இருக்கு."

பிள்ளைகள் இருப்பவன் கோழை என்று நினைத்திருக்கிறார்கள். வேறென்ன அர்த்தம்?

அலமாரிச் சாவி, தையல், அண்ணே என்ற சொல், எல்லாம் வேஷமாகத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் ஜப்பான்காரர்கள் முகாம் இருந்த சுங்கை பட்டாணிக்குப் போனேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அந்த மொழிபெயர்ப்பாளனிடம் இரண்டே சொல்தான் சொன்னேன்: ஏழாம் கட்டில். திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குக் கச்சான் கடலை வாங்கினேன்.

மறுநாள் வந்தார்கள். திரையைக் கிழித்து, கட்டை அறுத்தார்கள். உள்ளே இருபது இருபத்திரண்டு வயதுப் பையன். ஒரு கால் உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. தீக்காயம் ஒன்றும் இல்லை. எங்களையெல்லாம் வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாருக்கெல்லாம் தெரியும் என்று அதிகாரி கேட்டான்.

டாக்டர் முன்னால் வந்தார். உதடு கிழிந்திருந்தது.

"எனக்கு மட்டுந்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது." பிறகு என்னைக் காட்டினார். "முக்கியமா இந்த டிரஸ்ஸருக்கு. இவர்கிட்ட வேணும்னே மறைச்சேன். புள்ளகுட்டிக்காரர், இவரை விட்டுடுங்க."

மொழிபெயர்ப்பாளன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். எதற்குச் சிரிக்கிறான் என்று டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து, பயப்படாதீர்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

அதிகாரி என்னிடம் திரும்பி, இவர் சொல்வது உண்மையா என்று கேட்டான். அவர் சொன்னதில் பொய் இருந்தது. பொய்யை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நர்ஸைக் காட்டினேன். பிச்சையைக் காட்டினேன். பிச்சை என்னைப் பார்த்து, "அண்ணே, என்னாண்ணே?" என்றான். மற்ற ஆறு கட்டில்களைப் பற்றிக் கேட்டார்கள். நான்கு மாதம் பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா, தெரிந்திருக்கும் என்றேன். அது நியாயமான ஊகம்தானே.

பத்துப் பேர். ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால். நடக்க முடியாத நான்கு பேரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். டாக்டர் அந்த வெள்ளைக்காரப் பையனைத் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தார். நர்ஸ் கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை. நான் வார்டுக்குள் போய் ஏழு மெத்தைகளையும் வெயிலில் போட்டேன். மத்தியானம் இரண்டு பேர் காய்ச்சலோடு வந்தார்கள், மருந்து கொடுத்தேன்.

இது எல்லாமே நான் செய்ததுதான். கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேணும்னே மறைச்சேன் என்று பத்துப் பேர் காதுபடச் சொன்னது டாக்டர்தான். அதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். முதலில் துரோகம் செய்தது யார் என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.