மூன்றாம் பாகத்தைத் திறந்து பார்த்தவருக்கு

எங்கள் அரபிக் கல்லூரி நூலகத்து ஏணியை முப்பத்தோராண்டு ஆண்டு வந்த அண்ணலே! ஏட்டில் உள்ளதை ஏட்டில் உள்ளபடியே சொல்லி எங்களை எரிச்சலூட்டிய ஏந்தலே! பொறுமைக்குப் பொருளாய் வாழ்ந்து, பிறர் பொறுமைக்குப் பெருஞ்சோதனையாய் விளங்கியவரே! அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று பணி ஓய்வு பெறும் தங்களை "கல்விக் கடலே, ஞானக் கதிரே, சமுதாயத்தின் கலங்கரை விளக்கே" என்று அழைக்கத்தான் எண்ணியிருந்தோம். மூன்றும் நல்ல அடைமொழிகள். சென்ற ஆண்டு விடைபெற்ற சமையற்காரருக்கும், அதற்கு முன் மாடி கட்டித் தந்த ஒப்பந்தக்காரருக்கும் தைத்த சட்டைபோல் பொருந்தியவை. ஆனால் ஒருவரைப் பற்றி எழுதியதை முதலில் அவரிடமே காட்ட வேண்டும் என்பது தங்கள் சட்டம். காட்டினோம். மடல் திரும்பி வந்தபோது கடலுக்கு நேரே, ஓரத்தில், பென்சிலில், எங்களை முப்பது வருடமாகத் துரத்தும் அந்த ஒற்றைச் சொல் இருந்தது: "எங்கே?" கதிருக்கு நேரேயும் "எங்கே?" விளக்குக்கு நேரே மட்டும் சற்றுத் தாராளமாக, "விளக்கு இருக்கட்டும், கப்பல் எங்கே?" ஆக, கடல் வற்றியது, கதிர் மறைந்தது, விளக்கு அணைந்தது. இந்த மடலில் எஞ்சியிருப்பது தங்கள் பென்சிலுக்குத் தப்பியது மட்டுமே.

அந்த "எங்கே?" எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைச் சபை அறிய வேண்டும். "அறிஞர்கள் ஏகமனதாகச் சொல்கிறார்கள்" என்று ஒரு கட்டுரையை அழகாகத் தொடங்கிக்கொண்டு வருவோம். எத்தனை அறிஞர்கள், எந்த நூலில், எந்தப் பக்கத்தில் என்று தாங்கள் கேட்பீர்கள். நூல் மேல்தட்டில்தான் இருக்கிறது, எடுத்துத் தரவா என்று ஏணியில் வேறு கால் வைப்பீர்கள். எங்கள் ஆராய்ச்சிகளில் பாதி அந்த ஏணியடியிலேயே மூச்சை விட்டன. மீதிப் பாதி, தங்கள் விடுமுறை நாள் பார்த்து அச்சுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டன.

இனி, மைக் ஹஜ்ரத்துக்கு வருவோம். வராமல் இந்த மடலை முடிக்கப் பார்த்தோம், மனசாட்சி விடவில்லை.

பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரை நிகழ்த்தும் அந்த அறிஞருக்கு, ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் அப்பெயர். திருக்குர்ஆனுக்கு ஏழு பாகத்தில் விரிவுரை எழுதியவர். பாதி ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும், மீதி ஊர் அவர் பெயரைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்ளும். அவருடைய எழுத்தோடு தங்களைப்போல் சண்டை போட்டவர் எவருமில்லை. இருபது வருடத்தில் நாற்பத்து மூன்று கடிதங்கள்! ஒவ்வொன்றிலும் தாளின் மேல்பாதியில் அவர் சொன்ன கருத்து, அவரே படித்தாலும் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் இருக்கும். கீழ்ப்பாதியில் தங்கள் மறுப்பு. மேல்பாதி சரியாக வராவிட்டால் கீழ்ப்பாதியைத் தொடவே மாட்டீர்கள். எதிராளியின் கட்சியை எதிராளியைவிட அழகாக எழுதித் தருவது என்ன கிறுக்கு என்று உணவறையில் நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தக் கடிதங்களுக்கு அவர் தந்த மரியாதை, மேடையில் தங்களை "அலமாரி எலி" என்று அழைத்தது. அன்று சபையே சிரித்தது. முன்வரிசையில் நாங்களும் இருந்தோம்.

ஆகவே முப்பத்தெட்டு வினாடிக் காணொளித் துண்டு ஒன்று எல்லாருடைய கைப்பேசியிலும் வந்து விழுந்தபோது எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மார்க்கத்தின் அடிப்படையையே மறுக்கும் ஒரு வாக்கியத்தை அவர் தம் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். நமது மேலாளர் அன்று முற்பகலிலேயே கண்டன அறிக்கை தயாரித்துவிட்டார். அவர் வழிகெட்டவர், மார்க்கத்தை விட்டு வெளியேறிய காஃபிர், எவரும் அவருக்கு ஸலாம் சொல்லக் கூடாது, இறந்தால் ஜனாஸாத் தொழுகைக்கு நிற்கவும் கூடாது என்று அதில் இருந்தது. ஆதாரமாக அவருடைய விரிவுரை, மூன்றாம் பாகம், 431ஆம் பக்கமும் இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் கல்லூரி முத்திரையோடு அது வாசிக்கப்படும். வாசித்துவிட்டால், அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர், ஆறு வயதிலிருந்து தோளோடு தோள் ஒட்டி நின்ற தொழுகை வரிசையில் நிற்க முடியாது. அதை நாங்கள் அறிந்தே இருந்தோம். அறிந்துகொண்டே, தேநீர் ஆறுவதற்குள் பதினான்கு பேர் கையெழுத்திட்டோம். முதல் கோட்டை மட்டும் தங்களுக்காகக் காலியாக வைத்தோம். எலிக்கு ஒரு நாள் வராதா என்ன!

தாளோடு மேலாளர் நூலகத்துக்கு வந்தார், அவர் பின்னால் நாங்கள் அனைவரும் வந்தோம். அங்கே நடந்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்கிறோம், ஏனெனில் தாங்கள் "எங்கே?" என்று கேட்பீர்கள்.

"அண்ணே, முதல் கையெழுத்து உங்களுது. அந்த ஆளை உங்களுக்குத்தான் சுத்தமா பிடிக்காதே."

தாங்கள் முழுவதும் படித்தீர்கள். எங்களில் எவரும் செய்யாத காரியம் அது.

"பிடிக்காதுன்னு எழுதிட்டு வாங்க தம்பி, முதல் ஆளா போடறேன். நீங்க காஃபிர்னு எழுதியிருக்கீங்க. அது என் கோபத்துக்குச் சொந்தமான வார்த்தை இல்ல."

"ஊரே சொல்லுதுண்ணே!"

"ஊர் எத்தனாம் பக்கத்துல சொல்லுது?"

சொல்லிவிட்டு ஏணியில் ஏறினீர்கள். மூன்றாம் பாகம் இறங்கியது, தூசு எங்கள் மேல் இறங்கியது. மேசையில் வைத்து, எங்களையே திறக்கச் சொன்னீர்கள். இலக்கணம் கற்பிக்கும் உஸ்தாத் திறந்தார். நூல் 412ஆம் பக்கத்தில் முடிந்திருந்தது. அதற்குப் பின் அட்டைதான். 431ஆம் பக்கம் அச்சகத்திலும் இல்லை, அகிலத்திலும் இல்லை. மேலாளர் அதை வேறோர் ஊர்க் கண்டனத்திலிருந்து எடுத்திருந்தார், அவர்கள் எங்கிருந்து எடுத்தார்களோ! பின்னட்டையின் உட்புறம் நூலை எடுத்துச் சென்றவர்கள் பெயரெழுதும் சீட்டு ஒட்டியிருந்தது. பதினோரு வருடத்தில் நான்கு பெயர்கள். நான்கும் தங்கள் பெயர். அந்த மனிதரின் ஈமான் என்னும் இறைநம்பிக்கைக்கு முடிவுரை எழுத வந்த பதினான்கு பேரில் ஒருவர்கூட அவர் முன்னுரையைத் தொட்டதில்லை.

அத்தோடு விட்டீர்களா? துண்டை அல்ல, முழு உரையையும் கேட்போம் என்றீர்கள். முழு உரை இரண்டு மணி பத்து நிமிடம். நண்பகல் லுஹர் தொழுகைக்கும் பிற்பகல் அஸருக்கும் நடுவே, மின்விசிறி மெதுவாகச் சுற்றும் அந்த அறையில், தங்கள் விரிசல் விழுந்த கைப்பேசியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தை இறைவன் கணக்கில் வைத்திருப்பான் என்று நம்புகிறோம். அந்த வாக்கியம் ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் வந்தது. துண்டில் இல்லாத அடுத்த வாக்கியமும் வந்தது: "இப்படிச் சிலர் உளறுறாங்க, அதுக்குப் பதில் கேளுங்க." எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்லித்தான் அவர் மறுத்திருந்தார். வெட்டியவர் கத்தியை வைத்த இடம் அது. பதினான்கு பேரில் ஒருவரான கல்லூரி வண்டி ஓட்டுநர்தான் முதலில் எழுந்தார். பேனாவை வாங்கி, தம் பெயரை அடித்தார். வரிசையாக நாங்களும் அடித்தோம். மேலாளர் மட்டும் அடிக்காமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்; வெள்ளிக்கிழமை அது வெளியே வரவில்லை.

சரி, முடிந்தது, தேநீர் குடிக்கலாம் என்று எழுந்தோம். தாங்கள் விடவில்லை. "உட்காருங்க, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு" என்றீர்கள். தொண்ணூற்று நான்காம் நிமிடத்தில் அவர் நபிமொழி என்று முழங்கிய ஒரு வாசகம், நபிமொழியே அல்ல, பிற்காலப் பெரியவர் ஒருவரின் கூற்று. உண்மையான பிழை! அவரைக் கிழிக்கக் கிளம்பிய ஊரில் ஒருவர் காதிலும் விழாத பிழை! நாற்பத்து நான்காம் கடிதம் எழுதினீர்கள். மேல்பாதி, கீழ்ப்பாதி.

மறுநாள் அவருடைய ஆதரவாளர்கள், உண்மைக்குத் துணை நின்ற உத்தமர் என்று பொன்னாடையோடு வந்தார்கள். தாங்களோ அவர்களுக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள்! பொன்னாடை மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது. பொறாமைக்காரர் என்று அவர்கள் சொன்னார்கள். விலைபோனவர் என்று எதிர்த்தரப்பு சொன்னது. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தோளில் ஒரு துணியாவது மிஞ்சியிருக்கும் அல்லவா! ஒருவரைப் பிடித்துவிட்டால் குற்றமே தெரியாத, பிடிக்காவிட்டால் குற்றம் மட்டுமே தெரியும் எங்களைப் போன்றவர்களோடு முப்பத்தோராண்டு எப்படித்தான் வேலை பார்த்தீர்கள்?

மூன்றாவது வெள்ளிக்கிழமை மைக் ஹஜ்ரத் உரையின் நடுவே நிறுத்தினார். "போன மாசம் நான் நபிமொழின்னு சொன்னது நபிமொழி இல்ல. நூலகத்துல இருக்கிற" என்று சொல்லி, கொஞ்சம் திணறி, "ஒரு சகோதரர் எடுத்துக் காட்டினார். அல்லாஹ் என்னை மன்னிக்கணும்" என்றார். வேறு எந்தச் சொல் அவர் நாக்கு நுனி வரை வந்து திரும்பியது என்பது எங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வினாடித் துண்டு ஊர் ஊராகச் சுற்றியது. இந்தத் திருத்தத்தை ஓட்டுநர் பதிவு செய்து அனுப்பினார். பதினோரு பேர் பார்த்திருக்கிறார்கள், அவர்களில் நாங்கள் ஒன்பது பேர்.

ஏணியிலிருந்து இறங்கும் எங்கள் அன்பரே! நாளை முதல் எவர் எதைச் சொன்னாலும் "எங்கே?" என்று கேட்க ஆளில்லை. எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தங்களுக்கு நீண்ட ஆயுளையும், நோயற்ற உடலையும், பக்க எண் படிக்கப் போதுமான கண் பார்வையையும் வல்ல இறைவன் வழங்குவானாக. எங்கள் பிழைகளுக்கும் தாங்கள் மேல்பாதி எழுதித் தருவீர்களாக.

இம்மடலை ஓட்டுநருக்கு இருமுறை வாசித்துக் காட்டினோம். ஏனையோர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நாங்களே படித்தோம். படித்த பின்னரே, பதின்மூவர் இதன்கீழ் கையொப்பமிடுகிறோம்.

பதினான்காமவரான மேலாளர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கான கோடு, இம்மடலைப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் காலியாக விடப்பட்டிருக்கிறது. அவசரப்படுத்த மாட்டோம்.

அன்புடனும் சிறிது வெட்கத்துடனும்,
கல்லூரிப் பணியாளர்கள்