பழனாயி மறுபடியும் பாட வேண்டும்

விருதுக் கேடயங்களை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, மேடம். மேலே பூசிய பொன் நிறம் ஒரே வருஷத்தில் உரிந்துவிடும். கொல்லிமலையில் பனிக்காலம் வந்தால் சுவரே வியர்க்கும். அதனால் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை மலையேறிப் பழனாயி வீட்டுக்குப் போய் நான்தான் துடைத்து வைப்பேன். அவளுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. போன மாதம் போனபோது, இருப்பதிலேயே கனமான கேடயத்தைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து டீயும் வாங்கிவரச் சொன்னீர்கள். நன்றி. நிதானமாகவே எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. களைப்புதான். அது பல வருஷத்துக் களைப்பு.

என் பெயர் பூபதி. வயது நாற்பத்திரண்டு. ஊர் மலையடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கம். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. எனக்கு மண்ணில் கை ஓடவில்லை, கீபோர்டில் ஓடியது. திருவிழாக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்தேன். மற்ற நேரத்தில் லத்தீன் அமெரிக்கப் பாப் பாட்டுகளைக் கேட்பேன். அவர்கள் பாடுவது ஸ்பானிஷ். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தத் தாளமும் நம் ஊர்த் தாளமும் பங்காளிகள் மாதிரி எனக்குத் தோன்றும். அந்தப் பாடகிகளில் ஒலாயா என்ற கொலம்பியாக்காரியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் பாட்டு, பேட்டி, அவள் வாங்கிய விருது, வாங்காமல் போன விருது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பழனாயியை முதலில் பார்த்தது மலையில் வருஷாவருஷம் நடக்கிற ஓரி விழாவில். செம்மேட்டில் மேடை. மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்பார்கள்; தேவனூர் நாட்டுப் பெண்கள் எட்டுப் பேர் வரிசையாக நின்று பாடினார்கள். கடைசியில் நின்றவளுக்கு மைக் எட்டவே இல்லை. ஆனால் அவள் குரல்தான் கேட்டது. அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். இறங்கியதும் போய்ப் பேசினேன்.

“ஏனுங்க, எங்கூட்டுல கேக்காம நான் எப்படிங்க வர்றது?” என்றாள்.

அவள் அம்மா பெருமாயியிடம் நானே போய்க் கேட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பாடறது அவ தொண்டை. கூட்டிப் போறது உங்க பொறுப்பு. பொறுப்பா இருப்பீங்களா சாமி?” என்றது. இருப்பேன் என்றேன். இருந்திருக்கிறேன்.

அடுத்த வருஷமே பெருமாயி மஞ்சள் காமாலையில் போய்விட்டது. அதில் என் கை எதுவும் இல்லை, மேடம். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காரியம் முடிந்த ஏழாம் நாள் பழனாயி தானாகவே என்னிடம் வந்தாள். அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு பாடினாள். நான் அதற்கு அந்த லத்தீன் தாளத்தை மெதுவாக வைத்தேன். ஒப்பாரியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று வந்தது. மூன்றே வாரத்தில் டவுன் பஸ், டீக்கடை, காலேஜ் விழா எங்கும் அந்தப் பாட்டுதான். சென்னையில் ஒரு டிவியில் சிறந்த புதுக்குரல் என்று விருது கொடுத்தார்கள். மேடையில் அவள் கேடயத்தைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாள். நான் கீழே மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்த மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ராசப்பன், அதே நாட்டுக்காரன். மரவள்ளி, கொஞ்சம் நெல், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. நல்ல மனுஷன். நான் போனால் ஒரு சீப்பு மலைவாழையாவது கொடுக்காமல் அனுப்ப மாட்டான். இரண்டு வருஷத்தில் சத்யா பிறந்தாள். பழனாயி சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷமாகப் பாடினாள். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆட்கள் ஆடினார்கள்.

ஆனால் விருது வரவில்லை.

நான்கு வருஷம் நானும் அவளும் அரங்கங்களில் போய் உட்கார்ந்தோம். பட்டியலில் பெயர் இருக்கும். உறையைப் பிரிப்பார்கள். வேறு பெயரைப் படிப்பார்கள். அந்த நேரம் பார்த்துத் தோற்றவர் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுவருவார்கள், அதற்காக முகத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பழனாயி உண்மையாகவே கைதட்டுவாள். எனக்குத்தான் தாடை வலிக்கும். திரும்பும் பஸ்ஸில் அவள் தூங்கிவிடுவாள். மலைப்பாதையின் எழுபது வளைவும் நான் விழித்துக்கொண்டே வருவேன்.

ஒரு தடவை நடுவர்களில் ஒருவர் வெளியே காரருகில் என் தோளைத் தட்டிச் சொன்னார். “குரல் அப்படியேதான் இருக்கு தம்பி. உள்ள இருந்த அந்த வலியைக் காணோம்.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒலாயாவின் கதையை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஏழு வருஷம் அவளும் இப்படித்தான் வெறுங்கையோடு திரும்பியவள். எட்டாவது வருஷம் அவள் தம்பி கடலில் முங்கிச் செத்துப்போனான். அடுத்த விழாவில் ஒரே மேடையில் நான்கு விருது. மற்ற பாடகிகளையும் பார்த்தேன். ஒருத்திக்குப் புருஷன் விட்டுப் போனான், ஒருத்திக்குக் குழந்தை தங்கவில்லை. நான் இதைக் கண்டுபிடிக்கவில்லை, மேடம். எல்லோர் கண்ணெதிரிலும் இருந்ததுதான். யாரும் வரிசையாக வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ராசப்பன் மேல் எனக்குப் பகை கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மாசி மாதம், மிளகு பறிப்பு. நான் காலை பஸ்ஸில் மேலே போனேன். பழனாயி ரேஷன் வாங்கச் செம்மேட்டுக்குப் போயிருந்தாள். ராசப்பன் மரத்தடியில் இருந்தான். கிளைக்கணுவில் காலை வைத்து ஏறுகிற ஒற்றை மூங்கில் ஏணி மரத்தில் சாய்த்திருந்தது.

“வாங்கண்ணா. ஏனுங்க, இந்த வருசமாச்சும் அவளுக்குக் கெடைச்சிருமுங்களா?” என்று கேட்டான்.

“கிடைக்கும்” என்றேன்.

“கெடைக்கோணுமுங்க. வெளிய காட்டிக்க மாட்டா, உள்ளுக்குள்ள ஏங்கறா. எனக்குத் தெரியாதுங்களா?”

அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அவனுக்கும் சம்மதம் மாதிரித்தான் எடுத்துக்கொண்டேன். கஞ்சி குடித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குள் போனான். என் பையில், மேடைக்கு ஒயர் இழுக்கும்போது குழாய் அறுக்கிற சின்ன ரம்பம் எப்போதும் இருக்கும். ஏணியில் என்ன செய்தேன் என்பதை நீங்கள் கேட்டால் வரைந்தே காட்டுகிறேன். இரண்டு நிமிஷ வேலை.

அவன் விழுந்த உயரம் முப்பது அடிக்கு மேல் இருக்கும். விழுந்தபின்னும் அவனுக்கு நினைவு இருந்தது. வாசலில் சத்யா புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பி, “புள்ளைய இங்க வர உடாதீங்கண்ணா” என்றான். நான் வர விடவில்லை. அவன் கேட்ட கடைசி உதவியை நான் தட்டவில்லை.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். டவர் கிடைக்கவில்லை, அதனால் தாமதம் என்று எல்லோரிடமும் சொன்னேன். டவர் இருந்தது. அரை மணி நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஆளில்லாமல் சாகவில்லை. மிளகுக் காலத்தில் மரத்திலிருந்து ஆள் விழுவது மலையில் புதிதில்லை என்பதால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. உடைந்த ஏணியைக் காரியத்தன்று அடுப்புக்கு நானே வெட்டிக் கொடுத்தேன்.

நாற்பது நாள் பழனாயி பேசவே இல்லை. நான் தினமும் போனேன். அரிசி, பருப்பு, குழந்தைக்குப் பால் பவுடர் எல்லாம் கொண்டு போனேன். நாற்பத்தொன்றாம் நாள் மத்தியானம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

“அண்ணா, நெஞ்சு வெடிக்குதுங்க. பாடிக்கட்டுங்களா?”

“பாடு சாமி” என்றேன். ரெக்கார்டர் கையோடுதான் இருந்தது.

ஒரே தடவைதான் பாடினாள். திருத்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் அழுதேன். ராசப்பனுக்காகவும்தான் அழுதேன். அழுகை பொய் இல்லை.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் மூன்று விருது. அதோடு நிற்கவில்லை. நான் பாட்டை அனுப்பியவர்களில் யாரோ அதை ஒலாயாவின் காதில் போட்டிருக்கிறார்கள். அவள் தன் மொழியில் நான்கு வரி எழுதி, பழனாயி குரலோடு சேர்ந்து பாடி வெளியிட்டாள். லத்தீன் இசைக்கென்று நடக்கிற பெரிய விழாவில் அந்தப் பாட்டுக்கு விருது என்று சொல்லி அழைத்தார்கள். நானும் பழனாயியும் கடல் தாண்டிப் போனோம். அவள் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள். மேடையில் மைக்கைப் பிடித்துத் தமிழில்தான் பேசினாள்.

“இந்தப் பாட்டு எனக்கு வராமயே இருந்திருக்கலாமுங்க. அவரு இருந்திருப்பாரு.”

ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன்.

மேடைக்குப் பின்னால் ஒலாயா அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் அழுதார்கள். கூட இருந்த பெண் ஒலாயா சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். “இந்த மாதிரிப் பாட்டு இனிமேல் உனக்கு வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்” என்றிருக்கிறாள். நல்ல மனுஷி. தன் தொழிலைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊர் திரும்பிய வாரமே பழனாயி என்னிடம் சொன்னாள். “இனிப் பாடலைங்கண்ணா. பாடிப் பாடி அவரு சாவை வித்துத் திங்கற மாதிரி இருக்குது.”

கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. மரவள்ளி நடுகிறாள், களை எடுக்கிறாள், பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். நான் போனால் சோறு போடுகிறாள். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. வாய்க்குள் முணுமுணுப்புகூட இல்லை. போன வாரம், “நீங்களும் ஒரு கல்யாணம் பண்ணி ஒரு பக்கமா இருங்கண்ணா, எத்தன நாளைக்கு இப்படி அலையறது?” என்று என்னிடம் கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள்.

இப்படி ஒரு குரல் மண்ணைக் கொத்திக்கொண்டு கிடப்பதைப் பார்க்க முடியவில்லை, மேடம். என்ன செய்யலாம் என்று நிறைய யோசித்தேன். சத்யாவைப் பற்றியும் ஒரு தடவை நினைத்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஓடை இருக்கிறது. உடனே விட்டுவிட்டேன். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. தவிரவும், அதை அவள் தாங்கமாட்டாள், தொண்டை அடைத்துப் போய்விடும். அதனால் பயனில்லை.

யாரும் கூப்பிடாமல் நானே இன்று ஸ்டேஷனுக்கு நடந்து வந்து உங்கள் முன் உட்கார்ந்ததற்கு மனசாட்சிதான் காரணம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. தூக்கமெல்லாம் நன்றாகத்தான் வருகிறது.

ராசப்பனைக் கொன்றது நான். ஏணியை அறுத்ததும் நான், ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தியதும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதை அவளுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே போய், உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். முதலில் பேசமாட்டாள். அவசரப்படுத்த வேண்டாம். ஏழு நாளோ நாற்பது நாளோ, அது அவளாகத்தான் வர வேண்டும். என் ரெக்கார்டரை உங்கள் மேஜையில் வைத்திருக்கிறேன், புது பேட்டரி போட்டிருக்கிறது. யாராவது அதை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்தால் போதும்.

அம்மாவுக்காக ஒரு பாட்டு பாடினாள், ராசப்பனுக்காக ஒரு பாட்டு பாடினாள். பத்து வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தும், என்னை நினைத்து அவள் இதுவரை ஒரு வரிகூடப் பாடியதில்லை, மேடம்.