ஜன்னலில் கட்டிய ஸ்டார்

எனக்கு இப்போ நல்லா தூக்கம் வருது, இன்ஸ்பெக்டர் ஐயா. முதல்லயே சொல்லிடறேன், பயந்துக்கினு ஸ்டேஷனுக்கு வந்தான்னு நீங்க எழுதிடக் கூடாது. நாப்பத்தெட்டு வயசுல எழுத்து கத்துக்கிட்டவன் நான். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

போன நவம்பர்ல எங்க மொதலாளி சேவியர்ராஜுக்கு மாரடைப்பு வந்துது. அவர் ட்ராக்டரை ஓட்டுறவன் நான். அன்னைக்குக் காரை ஓட்டினதும் நான்தான். இருபது நிமிஷத்துல கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். பொழைச்சிட்டாரு. மகன் ஆல்பினுக்கு ஓசூர்ல வேலை. அதனால ராத்திரி கூடப் படுத்து மாத்திரை குடுக்குறது என் பொறுப்பாச்சு.

டாக்டர் என்னை நிக்க வெச்சே சொன்னாரு. மெலட்டோனின்னு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு. "இருட்டுல நம்ம உடம்பே சுரக்கிறதுதான் அது. மாரடைப்பால வர்ற சேதத்துலேருந்து இதயத்தைக் காப்பாத்துமான்னு ஆராய்ச்சி நடக்குது, முடிவாத் தெரியலை. எதுக்கும் விளக்கை அணைச்சிட்டுத் தூங்கட்டும்."

மத்த மாத்திரையெல்லாம் நேரம் தவறாமக் குடுத்தேன். இதை மட்டும் நானே முழுங்கினேன். நல்ல மாத்திரைதான்.

டிசம்பர் பொறந்ததும் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டணும். எல்லாரும் வாசல்ல கட்டுவாங்க. நான் அவர் கட்டிலோரம் ஜன்னல்ல, கண்ணுக்கு நேரா, பெரிய வெள்ளை பல்பு போட்டுக் கட்டினேன்.

"டேவிட்டு, கண்ணு கூசுதுடா. அணைச்சுத் தொலை."

"ஆண்டவர் பொறக்குற மாசங்க. அணைக்கக் கூடாதுங்க."

அவர் சம்சாரம் ஜூலியாம்மா சிரிச்சாங்க. "உனுக்கு இருக்கிற பக்தி இந்த மனுஷனுக்கு இல்லியே டேவிட்டு."

பதினேழு ராத்திரி எரிஞ்சுது. பதினெட்டாம் நாள் விடியக்குள்ள ரெண்டாவது மாரடைப்பு. போயிட்டாரு.

ஏன்னு கேட்டீங்க. அதுக்கு முந்தின பிப்ரவரியில, எம் பொண்டாட்டி ஆனந்தமேரி அவர் காட்டுல கரும்பு வெட்டிக்கினு இருந்தவ, நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்துட்டா. ஆம்புலன்ஸ் கல்வராயன் மலை மேல போயிருந்துது. நான் கரும்பு லோடோட சர்க்கரை ஆலை வரிசையில ரெண்டு நாளா நிக்கிறேன், அங்கதான் எனக்குப் போன் வந்துது. ட்ரெய்லரைக் கழட்டிப் போட்டுட்டு இன்ஜினோட காட்டுக்குப் போனா கால் மணி நேரம். மொதலாளிக்குப் போன் போட்டேன்.

"இன்னா வெளையாடறியா? வரிசைய வுட்டா நாளான்னைக்குத்தான் முறை வரும். கரும்பு காய்ஞ்சு எடை கம்மியாவும். வாய்வா இருக்கும், ஒரு சோடா வாங்கிக் குடுக்கச் சொல்லு."

சோடா. இருபது வருஷம் அவர் கரும்பை வெட்டினவளுக்கு ஒரு சோடா.

லோடை இறக்கிட்டுப் போனேன். பாயில கிடத்தியிருந்தாங்க. கரும்பு எடை ஒரு கிலோ குறையலை.

அந்த மாத்திரை குடுத்திருந்தாலும் மொதலாளி பொழைச்சிருக்க மாட்டாரு, விளக்காலயும் சாகலைன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாராம். அதை எழுதாதீங்க. கொன்னது நான்தான். ஆனந்தமேரி செத்ததுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும், அவர் சொல்லிட்டாரு.

அவர் வேணாம்னா என்ன, நீ போயிருக்கலாமேன்னு திரும்பத் திரும்பக் கேக்குறீங்க. எனக்கு முன்னால ரெண்டே வண்டிதான் இருந்துது ஐயா, இறக்கிட்டே போயிடலாம்னு நெனைச்சேன்.